டிரஸ்ட் வீட்டு வாடகையை யார் வருமான வரி ரிட்டர்னில் காட்டுவது?

கேள்வி: 2025 ஜூன் 14, திருச்சியிலிருந்து ஒரு தம்பி

"அக்கா, போன வருடம் மார்ச் கடைசியில் அப்பா எங்கள் தில்லைநகர் வீட்டை ஒரு டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டார். பத்திரம் பதிவாகிவிட்டது. நான்தான் அதை நிர்வகிக்கும் டிரஸ்டி, பேரப்பிள்ளைகள் பயனாளிகள். இரண்டு போர்ஷன், தலா 20,000 வாடகை, என் சம்பளக் கணக்குக்கே ஜிபேயில் வந்துவிடுகிறது. 'கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வருமானம்தான், உங்கள் ரிட்டர்னிலேயே சேர்த்துவிடலாம்' என்கிறார் ரிட்டர்ன் போட்டுத் தருபவர். நான் ஏற்கெனவே 30 சதவீத வரி ஸ்லாபில் இருக்கிறேன். அவர் சொல்வது சரியா?"

ஜூன் 14, இரவு

சரியில்லை. பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதை வைத்து வருமான வரிச் சட்டம் எதையும் முடிவு செய்வதில்லை. வீடு டிரஸ்டி பெயரில் இருந்தாலும் நீங்கள் பயனாளிகளின் பிரதிநிதி மட்டுமே. 160-வது பிரிவு உங்களைப் பிரதிநிதியாக வைக்கிறது. பயனாளிக்கு நேரடியாக எவ்வளவு வரி வருமோ அதே அளவு, அதே விதத்தில் உங்கள் மூலம் வாங்கலாம் என்கிறது 161. அந்த வரியை உங்கள் சம்பளத்தோடு சேர்த்துப் போடச் சொல்லி எங்கேயும் இல்லை.

டிரஸ்டுக்குத் தனி பான் வாங்கியாயிற்றா? தனி வங்கிக் கணக்கு? இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். டிரஸ்ட் பணத்தைச் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வைப்பதும், கணக்கு எழுதிப் பயனாளி கேட்டால் காட்டுவதும் டிரஸ்டியின் கடமை. 1882-ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது.

பிறகு பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் தேடுங்கள். ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் எவ்வளவு பங்கு என்று எழுதியிருக்கிறதா, இல்லையா?

ஜூன் 15

நேற்று சுருக்கமாக முடித்துவிட்டேன். நான் ஏன் இதில் இவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் தவறிய பிறகு, அவன் பிள்ளைகள் இருவருக்காக அப்பா கோவை வீட்டை உயில் மூலம் டிரஸ்டில் வைத்தார். என்னை டிரஸ்டி ஆக்கினார். படிப்புச் செலவுக்கு யாருக்கு எப்போது எவ்வளவு என்பதை என் முடிவுக்கு விட்டிருக்கிறார். அந்த வாடகையில் ஒரு ரூபாய்கூட என்னுடையது இல்லை. என் ரிட்டர்னில் காட்டி என் ஸ்லாபில் வரி கட்டினால், பிள்ளைகளின் கல்லூரிப் பணத்தில் பெரிய துண்டு தேவையில்லாமல் போய்விடும். அதைவிட மோசம், நாளை ஒரு பிரச்சினை வந்தால் 'இது என் வருமானம்' என்று நானே கையெழுத்துப் போட்ட காகிதம் வருடா வருடம் இருக்கும். டிரஸ்டி தன் ரிட்டர்னில் காட்டுவதை வெறும் வசதி என்று நினைக்காதீர்கள். பயனாளியின் உரிமையை அது மங்கச் செய்யும்.

ஜூன் 19

கணக்கு கேட்டிருந்தீர்கள். உங்கள் எண்களை வைத்தே போடுகிறேன்.

ஆண்டு வாடகை 4,80,000. மாநகராட்சி சொத்து வரி அரையாண்டுக்கு 6,000 என்றீர்கள், ஆக 12,000. கழித்தால் 4,68,000. இதில் 30 சதவீதம், அதாவது 1,40,400, பராமரிப்புக்காக 24-வது பிரிவில் கழியும். மிச்சம் 3,27,600. வரிக்கு உட்படும் தொகை இதுதான். யார் தலையில் விழுந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

சொத்து வரியில் ஒரு நுணுக்கம். எந்த நிதியாண்டில் உண்மையில் கட்டினீர்களோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான அரையாண்டு வரியை ஏப்ரலில் கட்டினால் அது அடுத்த வருடக் கணக்கு. குடியிருப்பவர் கட்டினால் உங்களுக்குக் கழிவே கிடையாது. ரசீதை விடாதீர்கள்.

வாங்கி வைத்திருக்கும் அட்வான்ஸ் வருமானம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன். ஆனால் அதுவும் டிரஸ்ட் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 20

பெயின்ட் அடித்ததற்கு 1,60,000 பில் இருக்கிறது, 30 சதவீதத்துக்குப் பதில் அதைக் கழிக்கலாமா என்றால், முடியாது. வாடகை வீட்டுக்கு 30 சதவீதம் நிலையான கழிவு. அதற்கு மேல் செலவானாலும் அவ்வளவுதான், ஒன்றுமே செலவு செய்யாவிட்டாலும் அவ்வளவுதான். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரிக்கு அது பயன்படாது, பயனாளிகளிடம் காட்டும் கணக்குக்கு அதுதான் உயிர். நான் இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன், ஒன்று வரித் துறைக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு. இரண்டிலும் மிச்சத்தொகை ஒன்றாக வராது, வரவும் தேவையில்லை.

ஜூலை 2

டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். இதில் நான் பட்டதைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

எங்கள் கோவை வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கம்பெனி கிளை. மாதம் 28,000. மாடியில் ஒரு குடும்பம், 14,000. கம்பெனி என்பதால் 194-ஐ பிரிவில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். வருடத்துக்கு 33,600. டிரஸ்ட் பான் நகல் கொடுத்திருந்தும், அவர்கள் கணக்குப் பிரிவில் என் சொந்த பானைப் போட்டுவிட்டார்கள். வாடகை டிரஸ்ட் வருமானம், பிடித்த வரி என் 26ஏஎஸ்-இல், அதாவது என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வரித் துறை அறிக்கையில். டிரஸ்ட் ரிட்டர்னில் கேட்டால் அங்கே வரவு இல்லை. என் ரிட்டர்னில் எடுத்தால் அதற்கேற்ற வருமானம் என்னிடம் இல்லை.

தீர்வு 37பிஏ விதியில் இருக்கிறது. வரி யார் பெயரில் பிடிக்கப்பட்டதோ அவர், 'இந்த வருமானம் இன்னாருடையது' என்று பிடித்தவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையான உரிமையாளரின் பெயர், முகவரி, பான், தொகை விவரம், காரணம் எல்லாம் அதில் வேண்டும். அவர்கள் தங்கள் டிடிஎஸ் அறிக்கையை டிரஸ்ட் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் வரவு நகர்ந்துவிடும். அந்தக் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் 'தலைமை அலுவலகத்தில்தான் செய்ய வேண்டும்' என்ற பதிலே வந்தது. விடாமல் மின்னஞ்சல் போட்டு, விதியின் எண்ணைக் குறிப்பிட்ட பிறகே அசைந்தார்கள். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் என் பெயரிலேயே கிடந்திருக்கும்.

எங்கள் எண்களையும் சொல்கிறேன், இந்த 33,600 ஏன் முக்கியம் என்று புரியும். ஆண்டு வாடகை 5,04,000, சொத்து வரி 14,000, 30 சதவீதம் 1,47,000. மிச்சம் 3,43,000. உயிலால் உண்டான டிரஸ்ட், அப்பா உயிலில் வைத்த ஒரே டிரஸ்ட் என்பதால் எங்களுக்குச் சாதாரண ஸ்லாபே பொருந்துகிறது. 2024-25-க்கு 3 லட்சம் வரை வரி இல்லை. மேலே உள்ள 43,000-க்கு 5 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸோடு 2,236 ரூபாய். பிடித்ததோ 33,600. 31,364 திரும்பி வர வேண்டும். அது ஒரு பிள்ளையின் விடுதிக் கட்டணம்.

ஒரு எச்சரிக்கை. '2024-25-க்கு 7 லட்சம் வரை வரியே இல்லை' என்று சொல்கிறார்களே, அந்த 87ஏ தள்ளுபடி இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்குத்தான். எங்களைப் போல, தனிநபராக இல்லாமல் 'நபர்கள் குழு' என்ற வகையின் ஸ்லாபில் வரி கட்டும் டிரஸ்டுக்குக் கிடையாது.

ஜூலை 8

தம்பி பத்திரத்தின் பங்குப் பகுதியைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார். "டிரஸ்டி தம் விருப்பப்படி பேரக்குழந்தைகளில் எவருக்கும் எந்த அளவிலும்" என்று இருக்கிறது. பங்கு சொல்லப்படவில்லை. 164-வது பிரிவின் விளக்கப்படி, ஒவ்வொருவர் பங்கும் பத்திரத்திலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டு, பத்திரத் தேதியிலேயே கணக்கிடக்கூடியதாக இருந்தால்தான் 'தெரிந்த பங்கு'. பிறகு குடும்பமாக உட்கார்ந்து ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டால் செல்லாது.

பங்கு தெரியாத டிரஸ்ட் என்றால் உச்ச விகித வரி. அடிப்படை விலக்கு இல்லை, ஸ்லாப் இல்லை, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. உங்கள் 3,27,600-க்கு 1,02,211 ரூபாய்.

உடனே கலங்க வேண்டாம், விலக்குகள் உண்டு. பயனாளிகளில் ஒருவருக்கும் வரி வரம்பைத் தாண்டிய வேறு வருமானம் இல்லை, ஒருவரும் வேறு டிரஸ்டில் பயனாளி இல்லை என்றால், பங்கு தெரியாத டிரஸ்டுக்கும் சாதாரண ஸ்லாபே. உங்கள் வீட்டில் எல்லோரும் சின்னப் பிள்ளைகளா?

ஜூலை 8, மாலை

பதில் வந்துவிட்டது. தம்பியின் பிள்ளைகள் பள்ளியில். அவர் அக்கா மகள் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறாள். அவளும் பேத்திதானே. 'ஒருவருக்கும்' என்ற நிபந்தனை அங்கே உடைந்துவிடுகிறது. அவளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காவிட்டாலும் அவள் பயனாளி. பத்திரம் எழுதும்போது இதை யாராவது யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் என்று பொதுவாக எழுதுவது பாசத்தில் வருவது, புரிகிறது.

டிரஸ்டியிடம் ஒருமுறை, பயனாளியிடம் இன்னொருமுறை என்று இரட்டை வரி வருமா என்று பயப்படுகிறீர்கள். வராது. ஒரே வருமானத்துக்கு இருவரில் ஒருவரிடம் வரி விதித்த பிறகு மற்றவரிடம் போகக் கூடாது என்று 1974-இலேயே நேரடி வரிகள் வாரியம் 157-ஆம் எண் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. பங்கு தெரியாத டிரஸ்டாக இருந்தாலும், அந்த வருடமே பயனாளிக்குக் கொடுத்துவிட்ட பணத்துக்குப் பயனாளியிடமே வரி விதிக்கலாம் என்று 1994-இல் கமலினி கட்டாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது அதிகாரிக்கு இருக்கும் வழி. இதை நம்பித் திட்டம் போட நான் சொல்லமாட்டேன்.

ஜூலை 9

ஒருவர் 'உச்ச விகிதம் என்றால் 42.744 சதவீதம்' என்கிறார். அந்த எண் 30 சதவீதத்தின் மேல் 37 சதவீத சர்சார்ஜ் (வருமானம் மிக அதிகமானவர்கள் வரியின் மேல் கட்டும் கூடுதல் வரி), அதன் மேல் 4 சதவீத செஸ் போட்டு வருவது. புதிய வரி முறையில் சர்சார்ஜ் உச்சவரம்பு 25 என்பதால் 39 சதவீதம். 3 லட்சம் வருமானம் உள்ள டிரஸ்டுக்குக் கோடிக்கணக்கில் சம்பாதிப்பவரின் சர்சார்ஜைப் போடுவதா என்று பல டிரஸ்டுகள் வழக்குப் போட்டன. 2025 ஏப்ரலில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் மும்பை சிறப்பு அமர்வு, ஆராத்யா ஜெயின் டிரஸ்ட் வழக்கில், டிரஸ்டின் வருமானம் எந்த அடுக்கில் இருக்கிறதோ அதற்குரிய சர்சார்ஜ்தான் என்று தீர்ப்புச் சொன்னது. வருமானம் 50 லட்சத்துக்குக் கீழே இருந்தால் சர்சார்ஜே இல்லை. அதனால்தான் 31.2 என்று எழுதினேன். 39 போட்டிருந்தால் உங்கள் தொகை 1,27,764 ஆகியிருக்கும். நியாயமான தீர்ப்பு, சின்ன டிரஸ்டுகளுக்கு மூச்சு வந்தது.

ஜூலை 21

பத்திரம் முழுவதும் ஸ்கேன் செய்து வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு ஷரத்து, அதைப் படித்ததும் 8-ஆம் தேதி எழுதியதை ஓரமாக வைத்துவிட்டேன். "என் ஆயுட்காலத்தில் எந்நேரமும் இந்த டிரஸ்டை ரத்துசெய்து சொத்தை மீண்டும் என் வசம் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் எனக்கு உண்டு."

இது திரும்பப் பெறக்கூடிய உரிமை மாற்றம். 61, 63 பிரிவுகள். சொத்தையோ வருமானத்தையோ நேரடியாகவோ சுற்றுவழியிலோ திரும்ப எடுக்க வழி இருந்தால், அந்த வருமானம் எழுதிக் கொடுத்தவருடையது. உங்களுடையதும் இல்லை, பேரப்பிள்ளைகளுடையதும் இல்லை. பங்கு தெரியுமா, உச்ச விகிதமா, அக்கா மகள் வேலைக்குப் போகிறாளா என்ற கேள்வி ஒன்றுமே இப்போது எழாது. வாடகை உங்கள் அப்பாவின் ரிட்டர்னில் வர வேண்டும்.

இதனால்தான் பத்திரத்தை முழுதாகப் படிக்கச் சொல்கிறேன். வரியைத் தீர்மானிக்கிற வரி பெரும்பாலும் யாரும் சத்தமாகப் படிக்காத பக்கத்தில்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 3

அப்பாவின் பென்ஷன் மாதம் 35,000 என்றீர்கள், வட்டி எதுவும் இல்லை என்றீர்கள். 4,20,000-இல் நிலையான கழிவு 75,000 போக 3,45,000. வாடகை 3,27,600. மொத்தம் 6,72,600. புதிய முறையில் 2024-25-க்குத் தள்ளுபடி வரம்பு 7 லட்சம். வரி பூஜ்யம்.

உங்கள் ரிட்டர்னில் போட்டிருந்தாலும், உச்ச விகிதத்தில் கட்டியிருந்தாலும் ஏறக்குறைய ஒரு லட்சம். அப்பா ரிட்டர்னில் ஒன்றுமில்லை. 2025-26-க்குத் தள்ளுபடி வரம்பு 12 லட்சமாகிவிட்டது, இன்னும் நிம்மதி.

'அப்பாவுக்கு எங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல்தான் அந்த ஷரத்தைப் போட்டாரோ' என்று எழுதியிருந்தீர்கள். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. எழுபது வயதுக்கு மேல் தன் ஒரே வீட்டை எழுதிக் கொடுப்பவர், உயிரோடு இருக்கும்வரை ஒரு பிடி வைத்திருப்பது முறைதான். மாடியில் அவர் குடியிருக்கும் அறையிலிருந்து யாரும் அவரை எழுப்ப முடியாது என்ற தைரியம் அவருக்கு வேண்டும். என் அப்பா உயிலில் வைத்ததால் இந்தக் கேள்வியே எங்களுக்கு எழவில்லை.

அப்பாவின் காலத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் போய்விடும். அன்றுமுதல் ஜூலை 8-இல் எழுதியது உங்களுக்குப் பொருந்தும், உச்ச விகிதம் உட்பட. அப்பா நல்ல தெளிவோடு இருக்கும்போதே பேரப்பிள்ளைகளின் பங்குகளைப் பெயர் சொல்லி எழுதிப் புதுப் பத்திரம் செய்யலாமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதிகாரம் அவரிடம் இருக்கிறது, அதை இதற்குப் பயன்படுத்தலாம்.

ஆகஸ்ட் 23

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது, சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

'தாத்தா வாயால் சொன்னார், அதை வைத்து வாடகையைப் பிரித்துக்கொள்கிறோம்' என்றவருக்கு: அசையாச் சொத்துக்கு வாய்ச்சொல் டிரஸ்ட் நிற்காது. பதிவுசெய்த பத்திரம் வேண்டும் அல்லது உயில் வேண்டும். வருமான வரியிலும் வாய்மொழி டிரஸ்டுக்கு 164ஏ பிரிவில் உச்ச விகிதம்தான்.

வருடா வருடம் அன்னதானம் நடத்த ஒரு வீட்டை எழுதிவைத்த குடும்பத்துக்கு: ஊருக்கு நடக்கிற தர்மம் என்றால் அது பொது டிரஸ்ட், பாதையே வேறு. பதிவு 12ஏபி பிரிவில், ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-7, வருமானத்தில் 85 சதவீதம் நோக்கத்துக்காகச் செலவாக வேண்டும். அங்கே இந்த 30 சதவீதக் கழிவைப் போட்டுக் கணக்கிடாதீர்கள், உண்மையான வரவு செலவுதான் பார்க்கப்படும். எங்கள் மாதிரி குடும்ப டிரஸ்டுக்கு ஐடிஆர்-5.

ஒரு சூப்பர் மார்க்கெட்காரர் 30 வருடக் குத்தகை கேட்கிறார் என்றவருக்கு: டிரஸ்ட் சட்டம் 36-வது பிரிவைப் படியுங்கள். பத்திரத்தில் அதற்கு இடமில்லையென்றால் 21 வருடத்துக்கு மேல் நீதிமன்ற அனுமதி வேண்டும், கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்குத்தான் விடவும் வேண்டும்.

புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 21-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நான் இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961 சட்டத்தினுடையவை, புதியதில் எண்கள் மாறும். 2024-25 வருமானத்துக்குப் போடுகிற ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான்.

செப்டம்பர் 9

இந்த வருடம் ரிட்டர்ன் போட 15-ஆம் தேதிதான் கடைசி நாள். அப்பாவின் ரிட்டர்ன் போய்விட்டது, ஓடிபியும் சரிபார்த்தாயிற்று என்று செய்தி வந்தது. நல்லது. தம்பி, உங்கள் சொந்த ரிட்டர்னில் வாடகையைச் சேர்க்கவில்லையே?

அக்டோபர் 6

இரண்டாம் அரையாண்டு சொத்து வரி வந்திருக்கும். இந்த மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, 5,000 ரூபாய்க்கு மேல் போகாது.

என் கீழ்த்தளக் கம்பெனி 2025 ஏப்ரலிலிருந்து டிடிஎஸ் பிடிப்பதில்லை. முன்பு வருடத்துக்கு 2,40,000 தாண்டினால் பிடிக்க வேண்டும், இப்போது மாதத்துக்கு 50,000 தாண்டினால்தான். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. வருடத்துக்கு 10,000 அல்லது அதற்கு மேல் வரி வரும் டிரஸ்டுகள் முன்கூட்டியே தவணையாகக் கட்ட வேண்டும். எங்களுக்கு 2025-26-இல் விலக்கு வரம்பு 4 லட்சம் ஆனதால் வரியே வராது.

அக்டோபர் 7

தம்பி நேற்று இரவு கேட்டது நல்ல கேள்வி. மேல் போர்ஷன்காரர் பழைய வரி முறையில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) கழிவு எடுக்கிறார், ஆண்டு வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் என்பதால் அவர் கம்பெனி வீட்டுக்காரர் பான் கேட்கிறது. இதுவரை உங்கள் பானைக் கொடுத்திருக்கிறார். அப்படியே விட்டால், உங்கள் பெயரில் 2,40,000 வாடகை என்று அவர் கம்பெனியின் கணக்கில் நிற்கும், உங்கள் ரிட்டர்னில் இருக்காது.

வாடகை ஒப்பந்தத்தை டிரஸ்ட் பெயரில், நீங்கள் டிரஸ்டியாகக் கையெழுத்துப் போட்டுப் புதுப்பியுங்கள். ரசீதில் டிரஸ்ட் பெயரும் டிரஸ்ட் பானும். பணம் டிரஸ்ட் கணக்குக்கு. கேள்வி வந்தால் காட்ட ஒரு கோப்பு: பத்திர நகலில் அந்த ரத்து ஷரத்துள்ள பக்கம், அப்பாவின் ரிட்டர்ன் ஒப்புகை, சொத்து வரி ரசீதுகள். ஜனவரியில் கம்பெனிகள் எச்ஆர்ஏ ஆதாரம் கேட்க ஆரம்பித்துவிடும், அதற்குள் புதிய ஒப்பந்தமும் ரசீதும் அவர் கையில் இருக்கட்டும்.